அம்மாவைக் கூப்பிடும் உன் குரல்

இயேசு மரி சூசை

சாந்தோம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஆனால் இங்கே சுகமில்லை, ஆகையால் நீயாவது சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். உன் இருமல் நின்றதா? அந்தக் குர்கான் புகையில் அது எங்கே நிற்கப்போகிறது. ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, சொன்னால் கேள். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் சரி வை என்று இரண்டு பேரும் வைத்துவிடுவோம், சொல்ல வந்தது அப்படியே நிற்கும். அதோடு அம்மா எந்நேரமும் என் பக்கத்தில்தான் இருக்கிறாள். இப்போது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள், அவள் எழுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கச்சேரி ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டுகிற சத்தத்தில் இந்த ஜனங்கள் எப்படித்தான் மத்தியானம் தூங்குகிறார்களோ, இவள் மட்டும் குழந்தை மாதிரி தூங்குகிறாள்.

ஐதராபாத்தில் பேங்க் வேலை வந்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், போகட்டுமா இருக்கட்டுமா அப்பா என்று மெசேஜில் கேட்டிருந்தாய். இரண்டு வருஷமாக உன்னை அந்த வேலையை விடு விடு என்று திட்டித் தீர்த்தவன் நான்தான். உன் தம்பி ஆஸ்வின் பெருங்குடி ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த முதல் வருஷம் வாங்கின சம்பளத்தை நீ முப்பத்திரண்டு வயதில் வாங்குகிறாய். கேட்டால், ஷேர் தருகிறார்கள் அப்பா, கம்பெனி பெரிதானால் நாங்களும் பெரியவர்கள் ஆவோம் என்று உன் முதலாளி மிஸ்டர் வேதாந்தம் சொன்னதை என்னிடம் திருப்பிச் சொல்வாய். அந்த மனிதர் நல்லவராகத்தான் இருப்பார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல மனதை வைத்து யாரும் அரிசி வாங்க முடியாது. போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உன் மணிக்கட்டைப் பார்த்தேன், வளையல் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. ஒரு ரூமில் மூன்று பெண்கள், இரவு சாப்பாடு பிஸ்கட், உடம்புக்கு முடியவில்லை என்றால் இன்சூரன்ஸ்கூட இல்லை. ஆகவே நீ கேட்டதற்கு நான் போ என்று ஒரே ஒரு எழுத்து எழுதி அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன், என்னால் முடியவில்லை மகளே.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாயே, நான் விலகினால் தமிழுக்கு வேறு யாரையாவது பேச வைத்துவிடுவார்கள், என் குரலை எடுத்துவிடுவார்கள், அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்குமா என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நீ சேர்ந்த புதிதில் உன் கம்பெனி என்னதான் செய்கிறது என்று கோயிலில் கேட்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் நான் முழித்தது ஞாபகம் இருக்கிறதா. தனியாக இருக்கிற வயதானவர்களைக் காலையில் கம்ப்யூட்டரே போனில் கூப்பிடும், தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று விசாரிக்கும், அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பதிலும் சொல்லும் என்றாய். தமிழுக்குக் குரல் கொடுக்க வெளியாள் வைக்கப் பணம் இல்லாமல் உன்னையே உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். ஊழியர்களின் பெற்றோருக்கு இலவசம் என்று அம்மா நம்பரையும் போட்டுவிட்டாய். அப்போது அம்மா, பாருங்க என் பொண்ணு குரலை மெஷின் பேசுது என்று எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் இந்த மறதி வந்தது. அடையாறு டாக்டர் அதற்கு ஏதோ நீளமான பெயர் சொன்னார். மெஷின் என்பதுதான் அவளுக்கு முதலில் மறந்துபோனது. உன்னிடம் இதை இவ்வளவு விளக்கமாக நான் சொன்னதில்லை. அம்மாவுக்கு அந்தப் போன் பிடித்திருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன், நீ அங்கே நிம்மதியாக வேலை பார்க்கட்டுமே என்று.

இப்போது எப்படி என்றால், காலையில் அவள் குளித்து, நல்ல புடவை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். என்னை வாயைத் திறக்க விடுவதில்லை. போன் வந்ததும் மீன் விலையிலிருந்து ரசத்தில் உப்பு கூடிப்போனது வரை எல்லாம் சொல்கிறாள். அப்படியாம்மா, சரிம்மா, அப்புறம் என்று நீ கேட்கிறாய். நீ என்று எழுதிவிட்டேன் பார், எனக்கே அப்படித்தான் வருகிறது. ஒரு நாள் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, மறுபாதியை நீ சொல்வாய் என்று காத்திருந்தாள். மெஷினோ, நல்லதும்மா, மாத்திரை போட்டீங்களா என்றது. டெல்லிக்குப் போய் ஜெபத்தை மறந்துட்டியாடி என்று திட்டிக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். நான் கொடுத்தால் துப்புகிறாள். ஆஸ்வின் கொடுத்தாலும் துப்புகிறாள். விசில் ஊதி ஆயிரம் பையன்களை வெயிலில் அசையாமல் நிற்க வைத்த பி.டி. மாஸ்டர் பிலிப், ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்டாட்டி முன்னால் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். சிரிக்காதே. சிரித்தால் சிரி, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் உங்கள் மெஷின் எல்லாம் இரண்டு நாள் படுத்துவிட்டது, ஆபீஸிலேயே கிடந்து சரிபண்ணினோம் என்று சொன்னாயே, அப்போது இங்கே நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஆஸ்வினையும் சொல்லாதே என்றேன். முதல் நாள் போன் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். நான் வெளியே மாதா சுரூபம் இருக்கிற கெபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஐந்து நிமிஷம் கண் அசந்திருப்பேன். அதற்குள் இவள் கோயில் பங்கு ஆபீஸுக்குப் போய்ப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வந்து நின்றாள். ஆபீஸில் இருந்த டெரன்ஸ் இந்தப் பங்குக்குப் புதிது, எங்களைத் தெரியாது. இவளும் தெளிவாகத்தான் பேசியிருக்கிறாள், சில நேரம் அப்படிப் பேசுவாளே.

மறுநாள் காலைப் பூசையில் ஃபாதர், பூசை யாருக்காக என்ற கருத்தை வாசிக்கிறார், மரித்த ரெனிட்டா பிலிப் அவர்களின் ஆன்மா இளைப்பாற என்று. ரெனிட்டா, என் காதில் அது விழுந்த நிமிஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்ல. மூளைக்குத் தெரிகிறது, நீ குர்கானில் ஆபீஸில் இருக்கிறாய் என்று. மனதுக்குத் தெரியவில்லை. முன் பெஞ்சில் இருந்த பக்கத்து வீட்டு டோரதி டீச்சர் திரும்பிப் பார்த்து, பூசை என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா மட்டும் அழவில்லை. ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று அவள் காதில் கேட்டேன். ரெண்டு நாளா அவ கூப்பிடலையே, என் பொண்ணு உயிரோட இருந்தா கூப்பிடாம இருப்பாளா என்றாள். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீ இரண்டு வாரம் கூப்பிடாத நாட்கள் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு, எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த இரண்டு வாரம் எல்லாம் தெரியவே தெரியாது. அவள் கணக்கில் நீ ஒரு நாளும் தவறினதில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் ஜனம் வந்து நிற்கிறது. எங்கள் தெரு அன்பியக் குழுப் பெண்கள், டோரதி டீச்சர், யாரோ மாலைகூட வாங்கி வந்துவிட்டார்கள். ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் தேவானை கூடையை வாசலில் போட்டுவிட்டு, இன்னா சார் இது, பாப்பா பூட்சாமே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா என்று மாரில் அடித்துக்கொள்கிறாள். இல்லையம்மா, தப்பு நடந்துவிட்டது என்று நான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், அதிர்ச்சியில் பிதற்றுகிறேன் என்று என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள். அம்மா, நல்லா தூங்கினீங்களா என்று உன் குரல். தேவானை, ஐயோ சார் செத்த பொண்ணு பேசுது என்று வெளியே ஓடியவள் கூடையைக்கூட எடுக்கவில்லை. அம்மா எல்லோரையும் பார்த்து, உஸ், பாப்பா பேசறா என்றாள். அப்புறம் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்று நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மா நம்பருக்குக் கூப்பிட்டாய், அம்மா பட்டென்று வைத்துவிட்டாள், கோபமா என்று கேட்டாய். கோபம் இல்லை. நீ இருமிக்கொண்டு அவசரமாக இரண்டு வார்த்தை பேசினாய், குரல் கம்மிப்போயிருந்தது. அந்த மெஷினில் இருக்கிறது இரண்டு வருஷத்துக்கு முந்தின நீ. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கின குரல் அது. அவள் உன்னிடம் மரியாதையாக, என் பொண்ணு காலையிலயே பேசிட்டாம்மா, நீங்க யாருன்னு தெரியலையே என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள், உனக்குக் கேட்டிருக்காது. ஆகையால் இனிமேல் தினமும் நானே கூப்பிடுகிறேன் அப்பா என்று எழுதாதே. வேலையே வேண்டாம், வீட்டுக்கு வந்து நானே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியைக் கட்டவும் கட்டாதே. யாருக்காக வருவாய்? உன்னை விருந்தாளி மாதிரி உட்கார வைத்து, கொஞ்சம் இருங்க, என் பொண்ணு கூப்பிடுற நேரம் என்று சொல்வாள். அதைக் காதால் கேட்க உன்னை நான் விடமாட்டேன்.

இப்போது தெரிகிறதா நான் ஏன் பதில் எழுதவில்லை என்று. அங்கேயே இரு, அந்தச் சம்பளத்திலேயே இரு, அம்மா இருக்கிற வரைக்கும் இரு என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். நாலு நாள் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் காலில் விழுந்தாவது கேட்கலாம் என்றுகூடத் தோன்றியது. இரண்டு வருஷம் திட்டின அப்பா இப்போது இப்படிக் கேட்டால் நீயும் மறுக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், இருந்துவிடுவாய். நீ இருந்துவிடுவாய் என்பதால்தான் கேட்கப் பயமாக இருக்கிறது. அம்மா இன்னும் எத்தனை வருஷமோ, டாக்டரே சொல்லவில்லை. அதுவரை நீ அந்த ரூமில் இருமிக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டு, உன் பழைய குரலுக்குக் காவல் இருக்க வேண்டும். அதற்குள் கம்பெனியே மூடிப்போனால் அதுவும் போச்சு, இதுவும் போச்சு. எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவர்தான். கோயிலில் போய் முழங்காலில் நிற்கிறேன், என்ன கேட்பது என்றே தெரியாமல் எழுந்து வந்துவிடுகிறேன்.

போ ரெனி. ஐதராபாத்துக்குப் போகிறேன் என்று இன்றைக்கே எழுதிக் கொடு. குரல் நின்றதும் அம்மா திரும்பவும் நீ போய்விட்டாய் என்றுதான் முடிவு கட்டுவாள், பூசைக்கு எழுதிக் கொடுப்பாள். இந்தத் தடவை நான் தடுக்கப்போவதில்லை. ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். உயிரோடு இருக்கிறவளுக்கு அப்படி வாசிக்கக்கூடாது என்பார், அது சரிதான், உன் பெயரை மட்டும் வாசிக்கட்டும். டோரதி டீச்சரிடமும் தேவானையிடமும் சொல்லிவிடுகிறேன், அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து அழட்டும், சண்டை போட வேண்டாம் என்று. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வேன். மாத்திரைக்கு அப்பா என்ன செய்வார் என்று கவலைப்படாதே, பொடி பண்ணிச் சாதத்தில் பிசைந்து கொடுப்பேன். கொஞ்ச நாள் அழுவாள். அப்புறம் அதையும் மறந்துவிடுவாள், மறப்பதுதானே இப்போது அவளுக்கு வருகிற ஒரே காரியம். எங்கள் வீட்டில் நீ செத்துப்போனாலும் பரவாயில்லை மகளே, நீ அங்கே உயிரோடு இரு. வேளைக்குச் சாப்பிடு. டாக்டரிடம் இருமலைக் காட்டு.

அம்மா எழுந்துவிட்டாள், சேலை சரசரக்கும் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். நம் ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், புது வேலை உனக்கு நல்லபடியாக அமையட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். மறக்காமல் ஒன்று. ஐதராபாத்தில் சேர்ந்ததும் என் நம்பருக்கு மட்டும் கூப்பிடு, அம்மா நம்பருக்கு வேண்டாம். யார் பேசறாங்க என்று அவள் கேட்டால், தெரிந்த பிள்ளை ஒன்று என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அன்பு அப்பா,
பிலிப்