முந்தி ஓடும் தண்ணீர் டப்பா

அன்புள்ள மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் தலை சுற்றுவது ஒன்றைத் தவிர, கடவுள் எல்லாருக்கும் சௌக்கியத்தைத்தான் கொடுத்திருக்கிறார். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

தலை சுற்றலுக்குக் காரணம் உன் தங்கையின் பள்ளியில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சி. பேச்சுப் போட்டியில் பாதியில் திக்கி நின்று சபையே சிரித்த நாளிலிருந்து அவள் வெளி ஆட்களிடம் வாயே திறப்பதில்லை, உனக்குத் தெரிந்ததுதான். அதனால் அவள் போட்ட திட்டமே பேசாமல் தப்பிக்கிற திட்டம். ஒரே அளவில் மூன்று பால்பவுடர் டப்பா, ஒன்றில் தண்ணீர் முட்ட முட்ட, ஒன்றில் உப்பு அமுக்கி அமுக்கி, ஒன்று காலி. சாய்த்த பலகையில் வருகிறவர்களே உருட்டி எது முந்துகிறது என்று பார்க்க வேண்டும், விளக்கத்தை இவள் அட்டையில் எழுதி ஒட்டிவிடுவாளாம். டீச்சர் விடுவாரா? "அட்டை பேசாதுடீ, நீ பேசணும், இல்லன்னா மேசைய வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து குப்புற விழுந்தவளை எழுப்ப என்னால் ஆகவில்லை.

சரி, பழகிப் பார்க்கட்டும் என்று அலமாரிப் பலகையைக் கழற்றிச் சாய்த்து வைத்து, கீழ்வீட்டுத் தையல்காரம்மாவையும் கூப்பிட்டேன். காலி டப்பாதான் பறக்கும் என்றேன் நான். "கனத்ததுதான் முந்தும், வேணும்னா என்னைப் படியில உருட்டிப் பாருங்கக்கா" என்றாள் அவள். உருட்டினால் தண்ணீர் முதல், கனத்த உப்பு இரண்டாவது, காலி கடைசி. கடையில் வாங்கும் சர்க்கரையில் ஒரு பிடி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. உன் தங்கையோ சுவரைப் பார்த்து நிற்கிறாள். சும்மா நிற்க முடியாமல், தண்ணீர் கடவுள் படைத்தது, அதனால் முன்னே விடுகிறார் போலும் என்று சொல்லி வைத்தேன். தையல்காரம்மா ஒரு படி மேலே போய், உள்ளே அலையடித்துத் தள்ளுகிறது என்றாள். அவ்வளவுதான், இவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "ஐயோ, அப்ப உப்பை யாரும்மா படைச்சா? அலையும் இல்லக்கா, தளும்ப இடமே இல்ல. உப்பு டப்பாவோட சேந்து சுத்தணும். தண்ணி சுத்தாம சும்மா உக்காந்து வருது, சுத்தறதுக்குச் செலவில்ல, அதான் வேகம்!" என்று தையல்காரம்மா முகத்தைப் பார்த்தே பொரிந்து தள்ளினாள். காலி டப்பாவுக்கும் ஏதோ காரணம் சொன்னாள், என் காதில் குரல்தான் விழுந்தது.

மறுநாள் தையல்காரம்மா ஆசையாக, இன்னொரு தடவை சொல்லும்மா என்று கேட்டால் மறுபடி ஊமை. பால்காரர் வந்து, மூடி இறுக்கமாக இருப்பதால் ஓடுகிறது என்று உளறினார், உடனே அவருக்குப் பாடம் நடத்துகிறாள். கேட்டால் மூடிக்கொள்கிற வாய், தப்பாகச் சொன்னால் திறக்கிறது. இது என்ன பிள்ளையோ, எனக்குப் புரியவில்லை. கண்காட்சியில் நானும் தையல்காரம்மாவும் கூட்டத்தோடு நின்று தப்புத் தப்பாகச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். தெரிந்தே தப்புச் சொல்வது பொய்தானே, பாவம்தானே என்று பிரார்த்தனையில் உட்கார்ந்தாலும் அதே யோசனை.

அதோடு எங்களிடம் இருந்த தப்பு விளக்கங்களின் கையிருப்பும் தீர்ந்துவிட்டது. அசட்டுத்தனமாகச் சொன்னால் வேண்டுமென்றே சொல்கிறோம் என்று பிடித்துவிடுவாள். நீ இன்ஜினியரிங் படித்தவன், கேட்டால் சரி போலவே இருக்கிற தப்பான விளக்கமாக நாலைந்து எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே, அவள் காதில் விழும். சரியான விளக்கம் எனக்கு வேண்டாம், அதை அவள் சொல்லட்டும்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பாவம் வந்தால் என் பேரில் வரட்டும், நீ தாமதிக்காமல் எழுது.

உன் அம்மா