வேலிக்குள் ஒரே கடை

பத்தாங் பெர்ஜுந்தாய்
மலாயா
12-3-1952

அன்பு மச்சான் நூருல் அமீன் அவர்களுக்கு,

பாவாவின் ஸலாம். என் கூடப்பிறந்த ஜெய்புன்னிசா லாத்தா நாகூரிலிருந்து எழுதியிருந்தது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாம். எனக்குத்தான் சுகமில்லை. உங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, கேட்டில் காவலும் ஊரடங்கும் வைத்ததிலிருந்து அங்கிருந்து ஒரு ஆளும் என் மளிகைக் கடைக்கு வருவதில்லை. இந்தக் கடைத்தெருவில் ஐந்து கடை. வருகிற நாலு பேருக்காக ஐவரும் விலையைக் குறைத்துக்கொண்டே போகிறோம்.

வேலிக்குள் உங்கள் கடையோடு இன்னொரு கடையும் வைக்கலாமா என்று தோட்டத்துத் துரை உங்களைக் கேட்கப்போவதாகக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். வைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மச்சான், அதை நான் வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் நான் கடையை மூடவேண்டியதுதான்.

பாவா

கல்லுமலைத் தோட்டம்
20-3-1952

அன்புள்ள பாவா,

துரை கேட்டார். ஒரு கடை போதும் என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாமான் போகக்கூடாதென்று, விற்கிற சாப்பாட்டு டின் ஒவ்வொன்றையும், சேர்த்துவைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். இரண்டு கடை என்றால் போலீஸ் தொல்லையும் இரண்டு மடங்கு.

முன்பெல்லாம் உன் விலையை விசாரித்துத்தான் நான் விலை வைப்பேன். இப்போது யாரையும் விசாரிப்பதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சின்னத்தாய், கருவாட்டில் புழு என்று கடை வாசலில் சத்தம் போட்டாள். மறுநாள் அவளேதான் வந்து வாங்கிப் போனாள். வேறெங்கே போவாள்?

நூருல் அமீன்

கல்லுமலைத் தோட்டம்
4-9-1955

அன்புள்ள பாவா,

மூன்று வருஷமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இப்போது கேட்டைத் திறந்துவிட்டார்கள், ஊரடங்கும் இல்லை. சம்பளத்துக்கு மறுநாள் சின்னத்தாயே லோரி பிடித்து, மொத்த லயத்தையும் ஏற்றிக்கொண்டு உன் கடைத்தெருவுக்கு வந்துவிட்டாள். நான் விலையைப் பாதியாக்கிப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை.

அங்கேயே ஒரு கடை போடலாமென்று இருக்கிறேன். உனக்குச் சம்மதமா? கேட்க வெட்கமாக இருக்கிறது.

நூருல் அமீன்

பத்தாங் பெர்ஜுந்தாய்
11-9-1955

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

என் சம்மதம் எதற்கு? இங்கே கடை போட யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நானும் ஒரு கடை போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். இது புரியாமல் மூன்று வருஷம் உங்கள்மேல் கோபமாக இருந்துவிட்டேன்.

ஐந்தில் இரண்டு கடை மூடியாயிற்று. ஒன்று என் கடைக்கு நேர் எதிரே காலியாக இருக்கிறது. வாங்க. கருவாடு மட்டும் நல்லதாக வையுங்கள். சின்னத்தாய் என்னிடம் விலை கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வருவாள். நான் குறைத்துத்தான் சொல்வேன்.

பாவா