பத்துப் பாகக் கயிறு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கடிதத்தில் படித்து நிம்மதியானேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசிப் பதினொரு நாள் ஆகிறது, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

கோடை முடிகிற நேரமாகியும் இங்கே வெயில் இறங்கவில்லை. ஏரி வற்றி நம் படகுத்துறையின் கடைசி மூன்று தூண்களும் சேற்றில் நிற்கின்றன. கரையோரம் தங்கிவிட்ட ட்ரவுட் மீன்கள் சூடு தாங்காமல் செத்து மிதக்கின்றன, காலையில் வாளியோடு போய் அவற்றை அள்ளுவதுதான் இப்போது என் வேலை, நாற்றம் சட்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் உயிர், மேலே சுட்டால் ஆழத்துக்கு இறங்கிவிடும், இதெல்லாம் உனக்கும் தெரியும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று அளந்து முடிச்சுப் போட்ட கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி, தினமும் பத்துப் பாகம் இறக்கிப் பார்த்துப் பலகையில் எழுதுவேன். இருபது டிகிரி தாண்டினால் தூண்டில்காரர்களுக்குப் படகு வாடகைக்குக் கிடையாது, அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்ட மீன் பிழைக்காது. இந்த வருடம் பத்துப் பாகத்திலும் இருபத்தொன்று காட்டியது. எல்லாப் படகையும் கட்டிப் போட்டேன். உன் அண்ணன் கேட்கவில்லை, ஒரு படகை அவிழ்த்துப் போய் மீனோடு வந்து, அடியில ஜில்லுனு இருக்குப்பா, நான் இழுத்த மீனைத் தொட்டுப் பாருங்க என்று மல்லுக்கு நின்றான். தூண்டில்காரர்கள் அத்தனை பேர் முன்னால், வாயத் தொறந்தா பொய்தானாடா என்று கத்திவிட்டேன். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு நடந்தான், அன்று வீட்டை விட்டுப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

நேற்று படகு பழுது பார்க்கத் தச்சர் வந்தார். கயிற்றைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தன் டேப்பை வைத்து அளந்தார், என்ன அண்ணே, இது ஏழு பாகம்கூட வராதே என்று சிரித்தார். பழைய கயிறு இற்றுப்போனதால் புதுக் கயிற்றை நான்தான் அளந்தேன், அதுவும் ஏணியிலிருந்து விழுந்த பிறகு. என் வலது கை இப்போது பாதிக்கு மேல் விரியாது பாப்பா. சட்டை மாட்டவே உன் அம்மா வர வேண்டும், அப்படியிருந்தும் அளக்கும்போது அது புத்தியில் உறைக்கவில்லை. இன்று காலை உண்மையான பத்துப் பாகம் இறக்கினேன். பன்னிரண்டு டிகிரி. பலகையை அழித்துவிட்டுத் துறையிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் அம்மாவிடம் சொன்னேன், என் முகத்தைப் பார்க்காமலே, கைதான் மடங்கிப்போச்சு, நாக்கு நல்லாத்தான் நீளுது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் போன் அணைந்தே கிடக்கிறது. தெரிந்த இடமெல்லாம் விசாரித்தாயிற்று, அடுத்த கரையில் வலை பின்னுகிறவர்வரை கேட்டேன், யாரும் பார்க்கவில்லை. ராணுவத்தில் சேர்ந்தவனைப் போல அவன் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், ஒன்றைக்கூட எடுக்கவில்லை, ராத்திரியில் எழுந்து எழுந்து ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையின் இருமலை அலட்சியம் செய்யாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அண்ணன் உன்னிடம் பேசினால், அப்பா அளந்ததுதான் பொய் என்று சொல். எங்கே இருக்கிறான் என்று எனக்கு எழுத வேண்டாம், கேட்கவும் மாட்டேன். இருக்கிறான் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா