பச்சைப் படகின் அடிமரம்

அன்பும் மரியாதையும் உள்ள தாவீது பாவாவுக்கு,

நீங்கள் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் நினைவாகச் சபைப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதும்படி போதகர் கேட்டார். மைத்துனன் எழுதினால்தான் பொருத்தம் என்று அக்காவும் சொல்லிவிட்டாள். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எண் போட்டு வைத்துக்கொள்ளாமல் என்னால் ஒரு தபால் அட்டைகூட எழுத முடியாது.

1. வீட்டுச் செய்தி.
2. நாம் போய்ப் பார்த்த மூன்று மோட்டார் படகுகள்.
3. மூன்றாவதான பச்சைப் படகின் அடிமரம் உளுத்திருந்தது. அதை வேண்டாம் என்றது சரியே.
4. உங்களுக்காக நான் இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் படகு.

இந்த நான்கையும் போன திங்கட்கிழமை எழுதினேன். நான்காவதற்கு அப்போது கையில் படகு இல்லை. வியாழக்கிழமை பட்டணம் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நிரப்பலாம் என்றிருந்தேன். போய் வந்தாயிற்று. இன்று சனிக்கிழமை.

முதலில் வீடு. அக்காவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. உங்கள் ஸ்பானர்களை வாரம் ஒருமுறை எண்ணெய் தொட்டுத் துடைத்து, பழையபடி அளவு வாரியாக அடுக்கி வைக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மழை இல்லை. நந்தியாறு மணலாகவே கிடக்கிறது.

இதைப் படிக்கிற சபையாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாவீது பாவா இருபத்திரண்டு வருஷம் பர்மாவில், ஐராவதி ஆற்று லாஞ்சுகளில் இன்ஜின் ஓட்டியவர். யுத்தத்தின்போது மலையும் காடும் நடந்தே தாண்டி, திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மலையும் படியும் காய்ந்த ஆறும் உள்ள ஊருக்கு. வந்த கொஞ்ச நாளில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. நான் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலில் கணுக்கால் நனைத்ததோடு சரி.

யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் கழித்துப்போட்ட மோட்டார் படகுகள் விலைக்கு வர ஆரம்பித்தன. பத்திரிகை விளம்பரங்களை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். ரொம்பப் பெரிதும் வேண்டாம், தோணி மாதிரியும் வேண்டாம். இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க அறை, ஒரு அடுப்பு, கால்வாயில் தரை தட்டாத அடி. பட்டணத்துக் கால்வாய் வழியே வடக்கே பழவேற்காடு ஏரிக்குப் போய் நங்கூரம் போட்டு, அக்கா மடவை மீன் குழம்பு வைக்க, மூன்று நாள் இருந்துவிட்டு வருவது.

"வாங்கற வக்கு இல்லாத நாம எதுக்குப் பாவா பாக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாங்கறமோ இல்லியோ, வாத்தி. எதுக்கு ஆசைப்படறோம்னாவது தெரிய வேணாவா? சும்மா படகு படகுன்னா அது ஆசை இல்ல, ஏப்பம். இன்ன படகுன்னு கைய வெச்சிக் காட்டணும்" என்றீர்கள்.

ஸ்டேஷன் காபிக் கடை நாயுடுவுக்கு இது தெரிந்துவிட்டது. "ஏன் சார், வாங்கினா எங்க உடப்போறீங்க? பொய்கைலயா? காவடிக் கூட்டத்துல எடம் குடுப்பாங்களா?" என்று நம்மைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நீங்கள் சளைக்கவில்லை. "உன் காபிலயே உடலாம் நைனா, அவ்ளோ தண்ணி ஊத்தியிருக்கிற" என்றீர்கள். நாயுடுவே சிரித்துவிட்டார்.

முதல் படகு வெள்ளை, துறைமுகத்தில் நின்றது. நாற்பதடி, இரண்டு பெட்ரோல் இன்ஜின். நீங்கள் இன்ஜினை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது குடிகாரன். குடும்பத்துக்கு ஆவாது" என்று இறங்கிவிட்டீர்கள். இரண்டாவது இருபத்திரண்டடி. பார்த்துக் குறித்து வந்த அளவுகளை வீட்டில் வாசித்ததும் அக்கா, "அடுப்ப எங்க வெக்கிறது? உங்க ரெண்டு பேர் தல மேலயா?" என்றாள். அதுவும் போயிற்று.

மூன்றாவது பச்சை. பட்டணத்துக்கு வடக்கே, கால்வாய்க் கரையில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டடி. ஒரே ஆயில் இன்ஜின். அறையில் இரண்டு படுக்கைப் பலகை. அடுப்புத் திட்டில் பானை நழுவாமல் இருக்கச் சிறு பித்தளைக் கம்பிகூட இருந்தது. காவலாளி அனுமதித்தார். நீங்கள் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே தடவித் தடவி இறங்கி, கைப்பிடியைச் சுற்றினீர்கள். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. உங்கள் முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"பேசுது பாரு வாத்தி! இதான். எழுதிக்கோ, இதான்."

நான் எழுதவில்லை. நம் ஒப்பந்தம் அப்படி. இன்ஜின் உங்கள் பொறுப்பு, மரம் என் பொறுப்பு. ஐராவதியில் நீங்கள் ஓட்டிய லாஞ்சுகளுக்கெல்லாம் அடி இரும்பு. மரத்தடி தெரியாது என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். எனக்கு மட்டும் தெரியுமா? நம் ஊரில் பழைய உத்தரம் வாங்கும்போது பேனாக்கத்தியால் குத்திப் பார்ப்போமே, அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். கத்தி நக அளவு இறங்கினால் மரம் ஆகாது. படகின் அடியில் குனிந்து குத்தினேன். கத்தி அரை விரல் இறங்கியது. நான்கு இடத்தில் குத்தினேன். நான்கிலும் இறங்கியது. நோட்டில் "அடிமரம் உளுத்தது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் பாவா. நாலு எடத்துல."

"படகுத் தச்சர் மஸ்தான் தொழுகைக்குப் போயிருக்கிறாரு. வந்துடுவாரு, இருந்து கேட்டுக்கினு போங்களேன்" என்றார் காவலாளி. அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு மூன்று மணி ரயில் தவறிவிடுமே என்ற பயம். அதை விட்டால் அரக்கோணத்தில் இருட்டில் வண்டி மாற வேண்டும், உங்களுக்கோ கண் தெரியாது என்று காரணம் சொன்னேன். காரணம் பொய்யல்ல. ஆனால் பயம் என்னுடையது.

"படிச்சவன் நீ. நீ சொன்னா சரி" என்று சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டீர்கள். பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ரயிலில் கவனித்தும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு விளம்பரம் வாசிக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் காய்ச்சல் வந்தது. போவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியவர் திடீரென்று கேட்டீர்கள்.

"வாத்தி, அந்தப் பச்ச... மெய்யாலுமே உளுத்துத்தான் இருந்துதா?"

"ஆங், பாவா. மெய்யாத்தான்."

"அப்ப சரி" என்றீர்கள்.

படகுப் பேச்சு நமக்குள் அதோடு நின்றது. உங்கள் ஆசை ஒரு பெயர் இல்லாமலே போய்விட்டதே என்ற உறுத்தலில்தான் நான்காவது எண்ணைப் போட்டேன். நீங்கள் இல்லாவிட்டாலும் ஒரு படகைக் கை வைத்துக் காட்டிவிட வேண்டும் என்று. வியாழக்கிழமை அதே கரைக்குப் போனேன். கட்டைகள் வெறுமையாக இருந்தன. பக்கத்தில் வேறொரு படகின் அடியில் உட்கார்ந்து, ஒரு பெரியவர் வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டிருந்தார். மஸ்தான் அவர்தான்.

என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு வாத்யாரே. எண்ணெ, குங்கிலியம் போட்டு இடிச்சிக் குழைச்சது. உப்புத் தண்ணில புழு மரத்தத் துன்னாம இருக்க, அரை விரல் கனத்துக்கு அப்பிடுவோம். மேல சாயம் அடிச்சிட்டா மரம் மாதிரியேதான் இருக்கும்."

என் பேனாக்கத்தியை எடுத்துக் காட்டி, அன்று நான் குத்தியதைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் பச்சயா? நெல்லூர்க்காரர் ஒருத்தர் வாங்கி, போன பங்குனில தண்ணில எறக்கினாரு. ஒரு சொட்டு ஒழுகல. உள்ள முச்சூடும் பர்மாத் தேக்கு. அமாவாசைக்கு அமாவாசை இந்தப் பக்கமாத்தான் வருது."

பர்மாத் தேக்கு, பாவா. உங்கள் ஐராவதியில் மிதந்து வந்த மரமாகக்கூட இருந்திருக்கலாம். அரை விரல் சுண்ணாம்புக்கு அந்தப் பக்கம் அது இருந்தது. என் கத்தி அதைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானரை அதன் இடத்தில் வைத்தாள். பிறகு, "அவருக்கும் எழுதிடு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம்.

மேலே எழுதிய மூன்றாவதை நான் அடிக்கவில்லை. எழுதியது எழுதியபடியே அச்சாகட்டும். அது தவறு, பாவா. அடிமரம் உளுக்கவில்லை. நீங்கள் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே யாராவது சொல்லியிருப்பார்களோ?

நான்காவதற்கு வேறு படகு இல்லை. பச்சைதான். வருகிற அமாவாசைக்குக் கால்வாய்க் கரைக்குப் போகிறேன். அக்காவும் வருகிறாள். அது வரும்வரை உட்கார்ந்திருப்போம். வந்ததும் அதன் மேல் கையை வைத்து, இதுதான் என்று உங்கள் பெயரால் சொல்வேன். மூன்று மணி ரயில் போனால் போகட்டும்.

உங்கள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அன்று கரையில் நின்ற,
உங்கள் மைத்துனன்
சாமுவேல் வாத்தி