ஸ்பிற்ஃபயரின் வெள்ளைக் கோடு

மானிப்பாய்,
17.09.2025

அன்புள்ள மகன் லக்ஷனுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் கதைக்கத் தொடங்கினால் எனக்கு விடயம் தடுமாறிவிடும். அதனால் எழுதுகிறேன். ஒழுங்கு தவறாமலிருக்க, சொல்ல வேண்டியவற்றை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. வீட்டு நிலைமை.
2. உன் விமானம் உடைந்த விதம்.
3. அதைத் திருத்தியவர்கள்.
4. பிரவீணன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கிறது. மாதம் ஒரு தரம் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போய்வருகிறோம். என் கண் சத்திரசிகிச்சை முடிந்து புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். சுவரிலுள்ள வெடிப்பெல்லாம் இப்போது தெரிகிறது. மழை இன்னும் தொடங்கவில்லை.

இனி விமானம். 1997இல் லண்டனிலிருந்து வந்த உன் சின்னமாமா தந்த பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி நீ செய்த ஸ்பிற்ஃபயர். பழைய ஆங்கிலேயப் போர் விமானம் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். உனக்கு அப்போது வயது பதினாறு. அலுமாரியின் மேல் வைத்திருந்தாய். இராணுவச் சுற்றிவளைப்புகள் நடந்துகொண்டிருந்த காலம். நீ ரியூசனுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் அது உடைந்தது. இரண்டு இறக்கைகளும் முறிந்தன. பிரவீணன் கதவை அடித்துச் சாத்தியதால் விழுந்தது என்று உன்னிடம் சொன்னேன். என் தம்பியும் மனைவியும் வன்னியில் நிற்க, எங்கள் வீட்டிலிருந்து படித்த பிள்ளை. பதின்மூன்று வயது. அன்றிலிருந்து நீ அவனோடு கதைக்கவில்லை. கனடாவுக்குப் போன அன்றும் அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய்.

துண்டுகளைக் கடதாசியில் சுற்றி றங்குப்பெட்டியில் வைத்திருந்தேன். இந்தச் சித்திரைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பிரவீணன் பெட்டியை நகர்த்தும்போது கண்டெடுத்தான். இதைத் திருத்தக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள் என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்றாலும் அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனேன்.

குருநகரில் கனிசியஸ் என்று ஒருவர். ஃபைபர் படகுகள் பழுதுபார்ப்பது தொழில், சின்னக் கப்பல்கள் செய்வது பொழுதுபோக்கு. இப்படிச் சின்ன உருவங்கள் செய்கிறவர்கள் அவருடைய கொட்டிலில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கூடுவார்கள். ஜெசிதா என்ற பெண், செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறவள், விமானங்கள் செய்வாள்.

கனிசியஸ் முறிவை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "மாஸ்டர், விழுந்த சாமான் எண்டால் சிதறும். இது வளைஞ்சு முறிஞ்சிருக்கு. இந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கோ, பிளாஸ்டிக்கை வளைச்சால்தான் இப்பிடி வரும். ஆரோ முழங்காலிலை வைச்சு முறிச்சிருக்கினம்."

பிரவீணன் உடனே சொன்னான். "இல்லை அண்ணை, நான்தான். கதவை அடிச்சுச் சாத்திப்போட்டன்."

"உங்கடை வீட்டுக் கதவுக்கு முழங்கால் இருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள், பிரவீணனும். ஜெசிதா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். நான் மேசையில் கிடந்த பாகைமானியை எடுத்துத் துடைத்தேன்.

வேலை ஐந்து மாதம் நடந்தது. ஜெசிதா பல்லுக்குத் துளையிடும் சின்ன ஊசியால் முறிவின் இரு பக்கமும் துளைத்து, கிற்றார்க் கம்பித் துண்டுகளைச் செருகி ஒட்டினாள். கனிசியஸ் வெடிப்புகளுக்குப் பசை பூசித் தேய்த்தார். இறக்கைகள் உடலிலிருந்து ஆறு பாகை மேல்நோக்கிச் சரிய வேண்டுமாம். கேத்திரகணிதம் படிப்பித்தவன் என்பதால் அதை என்னிடம் விட்டார்கள். அட்டையில் தாங்கிகள் வெட்டிக் கொடுத்தேன். ஐந்து தரம் அளந்தும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கனிசியஸ் ஒரு தரம் பார்த்து, சரி என்றுவிட்டார்.

பச்சையும் மண்ணிறமும் பூசியது பிரவீணன். அச்சுவேலியில் ஒரு பட்டறையில் வேலை, ஒரு மகள் இருக்கிறாள். வேலை முடிந்த நாள் உனக்குப் படம் அனுப்பப் போவதாகச் சொன்னேன். "அனுப்புங்கோ பெரியப்பா. ஆனால் நான் கை வைச்சனான் எண்டு சொல்லாதேங்கோ. பிறகு அண்ணா அதைப் பாக்கவும் மாட்டார்" என்றான்.

அன்று திரும்பி வரும்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு தரம் வாயைத் திறந்தேன். என்ன பெரியப்பா என்று கேட்டான். மெதுவாகப் போ என்றேன். அவன் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு மேலே இருந்து வாசித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் வேறு எழுதினால் பயந்து முன்போலவே எழுதிவிடுவேன். அதனால் இதன் கீழேயே எழுதுகிறேன்.

1997இல், அந்தக் கிழமை அடுத்த ஒழுங்கையில், ஒரு றேடியோவின் துண்டுகள் வைத்திருந்ததற்காக ஒரு பிள்ளையைக் கொண்டுபோனார்கள். போர் விமானம் செய்து அலுமாரியில் வைத்திருக்கும் பதினாறு வயதுப் பையனிடம் என்ன கேட்பார்கள் என்று நினைத்தேன். விமானத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். முறித்த பிறகு போட மனம் வரவில்லை. நீ வந்து ஆர் செய்தது என்று அழுதபோது, தனக்காக ஒரு வார்த்தை சொல்லத் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளையின் பெயரைச் சொன்னேன். இருபத்தெட்டு வருடமாக அவன் அதை நம்பிக்கொண்டிருக்கிறான்.

கடித உறையை ஒட்டுவதற்கு முன் இதைப் பிரவீணனிடம் வாசிக்கக் கொடுப்பேன். அவனுடைய தொலைபேசி இலக்கம் இத்துடன் வைக்கும் விமானத்தின் படத்துக்குப் பின்புறம் இருக்கிறது. உன் கோபம் முழுவதும் எனக்கு இருக்கட்டும், அதில் அவனுக்குப் பங்கு வேண்டாம். ஒரு தரம் அவனோடு கதை, மகன். நீயும் பிள்ளைகளும் நீடூழி வாழ வேண்டும்.

இரண்டாவது குறிப்பு பிழை. 'உடைந்த' என்று எழுதியிருக்கிறேன். 'உடைத்த' என்பதே சரி.

உன் அப்பா,
அருளம்பலம்