கறுத்துப்போன அத்தி

தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்காக றபீக்கா பொத்துவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கணவர் ஜவுபர் விடியலில் சுபஹு தொழப் பள்ளிவாசலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. வீட்டைச் சுற்றிய வளவில் கறுத்துப்போன அத்திமரத்தை இன்று வெட்டப்போவதாக நேற்றுச் சண்டை பிடித்திருந்தார். றபீக்கா நின்றபடியே எழுதினாள்:

"இஞ்சேருங்க, சோறு பானைக்குள்ள இருக்கு. அத்தி இன்னும் சாகல்ல. இலையத் திருப்பிப் பாருங்க, அடியில வெள்ளைப் பூச்சி. அது விடுற இனிப்புத் தண்ணியிலதான் கறுப்புப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு. சவுக்காரத் தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து பின்னேரம் தெளிங்க."

பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"நேத்து 'இது என்ட சீதன வளவு' எண்டு நான் சொன்னது பிழை. வெட்டினாலும் உங்கட விருப்பம். நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."