அக்காவுக்குப் போட்ட பாட்டு

செஞ்சி,
6.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இளவரசன் எழுதிக்கொள்வது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, மாமாவுக்கு முட்டிவலி குறைந்ததா என்றெல்லாம் கேட்க ஆசைதான். பதில் வருமா என்றே தெரியாமல் எத்தனை கேள்வி கேட்பது?

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வீட்டுக்கு வந்தால் மாமா கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிடுகிறார். செஞ்சிக்கும் வல்லத்துக்கும் பஸ்ஸில் எவ்வளவு தூரம்? அதற்குப் போய் தபாலாபீசில் ஸ்டாம்பு வாங்குகிறேன். கவுன்ட்டரில் இருந்த பெண், யாருக்கு லெட்டர் என்று சிரித்தாள். கூடப் பிறந்தவளுக்கு என்றேன். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

என் சவுண்ட் செட் கடைக்கு எதிர் அச்சகத்தில் நேற்று வெண்மதி கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்த்தேன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, துபாயில் இருக்கிற யாரோ ஒருத்தர், எல்லார் பெயரும் இருக்கிறது. தாய்மாமன் பெயர் இல்லை. அச்சகத்துக்காரர், "இன்னாபா, அக்காவுக்குத் தம்பி நீ ஒருத்தன்தானே, வுட்டுட்டாங்களா?" என்று கேட்டார். பிழை திருத்த இன்னும் நாள் இருக்கிறது என்று சமாளித்தேன்.

வெண்மதிக்குக் காது குத்தியது என் மடியில். அவள் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டியவன் நான். தை மாசம் அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேறு ஆள் பார்த்துவிட்டாயா? ஆவணியில் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, நீ போய்விட்டாய் என்று நினைத்து அவசரப்பட்டு சாவுப் பாட்டுக்கு ஸ்பீக்கர் செட் கட்டியது தப்புதான். ஊரே நம்பியதை நானும் நம்பினேன். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

உன் தம்பி
இளவரசன்


வல்லம்,
11.11.2025

இளவரசனுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டிவலி அப்படியே இருக்கிறது.

அவசரப்பட்டு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய். எனக்கு அது ஒரு வார்த்தை இல்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். உயிர் வீட்டில் போகட்டும் என்று மாமா ஆக்ஸிஜன் வைத்து என்னைப் புதுச்சேரியிலிருந்து ஆம்புலன்சில் ஏற்றினார். கண் திறக்க முடியவில்லையே தவிர, காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெண்மதி அழுவதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். தெரு முனையில் வண்டி திரும்பும்போது குழாய் ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடுவது கேட்டது. யாரோ செத்திருக்கிறார்கள், பாவம் என்று நினைத்தேன்.

"எண்ணெ வச்சு வாருன தலை, ஏன் மண்ணைக் கொட்டுறீங்க" என்ற இடம் வந்ததும் அது என் குரல் என்று தெரிந்தது. செல்லப்பன் அண்ணன் ஆர்க்கெஸ்ட்ராவில் கேசட்டுக்காக நான் பாடியது.

கத்த வேண்டும் போல இருந்தது. குரல் வரவில்லை. விரலை ஆட்டினேன், வெண்மதி பார்த்துவிட்டாள். நீ ஓடிவந்து கதவைத் திறந்து விழுந்து புரண்டாய். ஆனால் செட்டை நிறுத்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கட்டிலில் போட்டு, நர்ஸ் வந்து ஊசி போட்டு, நான் கண் விழிக்கிற வரைக்கும் என் சாவுக்கு நானே பாடிக்கொண்டிருந்தேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. தொண்டூரிலும் அவலூர்பேட்டையிலும் திருவிழா என்றால் செல்லப்பன் அண்ணன் மேடையும் என் பாட்டும் இருக்கும். நீ டி.ஜே. ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கிய வருஷம் நம் தெரு மாரியம்மனுக்கே மேடை போடவில்லை. தம்பி பாக்ஸ் வைத்திருக்கிறான், அக்கா எதற்கு என்று கேட்டார்கள். அதற்கப்புறம் எலெக்‌ஷன் ஆட்டோவில் உட்கார்ந்து, காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் அதன் எதிர்க்கட்சிக்கும் பாடினேன். நீ அன்றைக்கே என்னைப் புதைத்துவிட்டாய். ஆவணியில் செய்தது இரண்டாம் தடவை.

மாப்பிள்ளை ஆதவனின் அம்மா காதுக்கும் விஷயம் போய்விட்டது. உயிரோடு இருக்கிறவளுக்குச் சாவுப் பாட்டு போட்ட கை, பெண் கையைப் பிடிக்கக் கூடாது என்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை.

வசந்தா


செஞ்சி,
17.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டி எழுதியதையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் நீ எனக்குச் சொன்ன முதல் பேச்சு அது.

பாக்ஸ் விஷயத்தை முதலில் முடிக்கிறேன். நான் வாங்காவிட்டால் திண்டிவனத்துக்காரன் கொண்டுவந்து இறக்கியிருப்பான். மேடை வேண்டாம் என்று சொன்னது திருவிழாக் கமிட்டி. கமிட்டியைத் திட்ட முடியாது, தம்பியைத் திட்டலாம். திட்டு.

ஆனால் ஏன் அந்தப் பாட்டுகளைப் போட்டேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது செஞ்சியில் சாவு என்றால் கானா பையன்கள் வருகிறார்கள். பாட்டு ஒன்றுதான், செத்தவர் பெயரை மட்டும் மாற்றுவார்கள். காலையில் அம்மாக்கண்ணு, சாயங்காலம் பவுனம்மாள். பையன்கள் கெட்டிக்காரர்கள், தொண்டை நன்றாக இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. உன் பெயரை அந்தப் பாட்டில் செருக என்னால் முடியவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடந்த நாளெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்து உன் பாட்டுகளைத் தேடித் தேடி போனில் சேர்த்தேன். பள்ளிக்கூடப் பாவாடையோடு நீ மாரியம்மனுக்குப் பாடியது, பின்னால் நம்ம நைனா பம்பை அடிக்கிறார். செல்லப்பன் அண்ணன் மேடையில் பாடிய காதல் பாட்டு, நடுவில் கரண்ட் போய் நீ மைக் இல்லாமலே பாடி முடித்தாயே, அது. எலெக்‌ஷன் ஆட்டோ பாட்டு. கேபிள் டிவியில் ஓடிய ஜவுளிக்கடை விளம்பரம். ஆனி மாசம் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பெயர் கிடைத்ததும், வெண்மதியின் சிநேகிதர்கள் எடுத்த ராப் பாட்டில் நீ பாடிய நாலு வரி.

செஞ்சியில் என்னென்ன பாட்டு வந்து போனதோ அத்தனையிலும் உன் குரல் இருக்கிறது, அக்கா. கேட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஊர் பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தது, நீ ஒவ்வொன்றிலும் ஏறிக்கொண்டே இருந்தாய். நான் புதைத்தேன் என்கிறாய். நீ எங்கே புதைந்தாய்?

உன் சாவுக்கு என்று நான் அவற்றைச் சேர்க்கவில்லை. உன் குரல் காதில் இருக்கும்வரை எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது.

இளவரசன்


வல்லம்,
21.11.2025

இளவரசனுக்கு,

ஜவுளிக்கடை விளம்பரத்தையா என் சாவுக்குப் போட்டாய்? "ஆடி வந்தா ஓடி வாங்க, அள்ளிக்கினு போயிடுங்க" என்று நான் பாடியபோது, வண்டி வருவதற்கு முன்பே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாரியம்மாள் நிறுத்திவிட்டுச் சிரித்தாளாம். நேற்றுதான் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் உன் மேல் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது.

நீளமாக எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. ஆம்புலன்ஸ் கிளம்பியதும் மாமாவின் அண்ணன் மகன் எழிலரசன்தான் உனக்கு போன் செய்தான். டாக்டர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், வீட்டுக்குக் கொண்டு வருகிறோம் என்று மட்டும்தான் சொன்னானாம். நான் செத்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அக்கா இருக்குதாடா" என்று ஒரு வார்த்தை நீ அவனைக் கேட்கவில்லை. ஊரில் எத்தனை சாவுக்கு செட் கட்டியிருக்கிறாய்? முன்பின் தெரியாத வீட்டுக்குக்கூட நாலு தடவை விசாரித்துவிட்டுத்தானே ஏணியில் ஏறுவாய்? எனக்கு மட்டும் ஏன் விசாரிக்கவில்லை?

இதற்கு மட்டும் பதில் எழுது. சுற்றி வளைக்காதே. மாத முடிவில் பத்திரிகை அச்சுக்குப் போகிறது.

வசந்தா


செஞ்சி,
25.11.2025

அக்கா,

கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அதனால்தான் கேட்கவில்லை.

போனை வைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். குழாய் ஸ்பீக்கரை வண்டியில் போட்டுக்கொண்டு வல்லத்துக்கு வந்து புளியமரத்தில் ஏறிவிட்டேன். உயரத்தில் நின்று கயிறு கட்டும்போது வேறு நினைப்பு வராது. இறங்கியதும் நினைப்பு வந்தது, பாட்டைப் போட்டுவிட்டேன். இவ்வளவுதான்.

நேற்று ஆதவனின் அம்மா வழி உறவில் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கல்யாணத்தன்று நான் மண்டபத்துப் பக்கமே வராமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்றார்கள். உனக்கும் அதுதான் விருப்பம் என்றார்கள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்திரிகையில் பெயர் வேண்டாம். சீர்த்தட்டை எழிலரசனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பட்டுப்புடவையை வெண்மதிக்குப் பிடித்த பச்சையிலேயே எடுத்திருக்கிறேன். குழந்தை நன்றாக இருக்கட்டும்.

இளவரசன்


வல்லம்,
28.11.2025

தம்பி இளவரசனுக்கு,

யாரைக் கேட்டுச் சரி என்றாய்?

அவர்கள் உன் கடைக்குப் போனது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். எனக்கு விருப்பம் என்று அவர்களிடம் யார் சொன்னது? உன் மேல் கோபப்பட எனக்குப் பாத்தியதை இருக்கிறது. ஆம்புலன்சில் படுத்திருந்தவள் நான். அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் உன் கடை வாசலில் வந்து நிற்க, நான் விடமாட்டேன்.

கடிதம் வந்த அன்றே மாமாவைக் கூட்டிக்கொண்டு அவலூர்பேட்டைக்கு, ஆதவன் வீட்டுக்குப் போனேன். மாமா பஸ் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றே வந்தார். காப்பி கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "சாவு பாட்டு எனக்குத்தான் போட்டாங்க. தோஷம்னா அது எனக்குத்தான். நான் இதோ உக்காந்து காப்பி குடிச்சிக்கினு இருக்கறேன். என் தம்பி வந்து கையப் புடிக்காம எங்க வூட்டுப் பொண்ணு மணவறைக்கு வராது."

ஆதவனின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. கல்யாணம் நின்றது என்றுதான் நினைத்தேன். வெண்மதிக்கு என்ன பதில் சொல்வேன்? ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. ஆதவன்தான் உள்ளே போய்ப் பேசினான். கடைசியில் அந்த அம்மா வந்து, உன் செட் மட்டும் வேண்டாம், வேறு ஆள் போடட்டும் என்றார். ஒத்துக்கொண்டேன். திண்டிவனத்துக்காரன் வருகிறான். அவன் போடுவதைக் குறை சொல்லாமல் கேள்.

எழிலரசனை ஏன் கேட்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்தேன். வெண்மதியைப் படிக்கச் சொல்லியும் கேட்டேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்றால், தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அது எப்போது போகும் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

பத்திரிகையில் உன் பெயரைச் சேர்க்கச் சொல்லி அச்சகத்துக்கு போன் செய்துவிட்டேன். கல்யாணத்தன்று விடிவதற்குள் மண்டபத்துக்கு வந்துவிடு. வெண்மதியை அழைத்து வந்து உட்கார வை. என்னிடம் பேச வராதே, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கிறேன், பார்க்கிங்கைப் பார்க்கிறேன் என்று தூரமாகவும் போய்விடாதே. நானாகப் பேசும்போது நீ கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அக்கா